கணுக்கால் நரம்பு

லிஃப்ட்காரனுக்கு ஊசி என்றால் ஆகவே ஆகாது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று, இரும்பு வடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே இருட்டுக் குழியைப் பார்த்தபடி சாவகாசமாக விசில் அடிக்கிற ஆள். ஆனால் ஒரு நர்ஸ் பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தால் போதும், முகம் வெளுத்துவிடும். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று நடையைக் கட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டில் ரத்தமும் ஊசியும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டார்கள்?

அவன் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எந்தப் பிள்ளை அப்பாவைத் தொலைத்துவிட்டு நிலைய அதிகாரியின் அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அவளை "மைக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டிராத ஆள் ஊரில் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

பார்த்தவர்கள் முதல் தடவை கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். மைக்குக்குக் கைகள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோளிலிருந்து நேரே விரல்கள் முளைத்தாற்போல் இருக்கும். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. முழங்கை கிடையாது, மணிக்கட்டு கிடையாது. மற்றவர்கள் கையால் செய்கிற அத்தனையையும் அவள் காலால் செய்தாள். பேனா பிடிப்பது, தலை வாருவது, தீக்குச்சி உரசுவது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் கால்தான். அறிவிப்பு அறையில் மைக்கின் பொத்தான் மேசையில் இருந்ததைக் கழற்றி அவளுக்காகத் தரையில் பொருத்தியிருந்தார்கள்.

அந்த அறைக்குப் போகிற லிஃப்டைப் பழுது பார்க்க வந்தபோதுதான் லிஃப்ட்காரன் அவளை முதலில் பார்த்தான். அவள் நாற்காலியில் சாய்ந்து, வலது கால் விரல்களுக்கு நடுவே டீ கிளாஸைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். இவன் கையில் ஸ்பேனரோடு வாய் பிளந்து நின்றான்.

"பார்த்து முடிச்சாச்சுன்னா அந்தக் கதவைச் சாத்துங்க. நீங்க மூச்சு விடற சத்தம் மூணாவது நடைமேடை வரைக்கும் கேக்குது" என்றாள் அவள்.

லிஃப்ட் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் அதற்கு அடுத்த வாரம் அவன் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். "இந்த லிஃப்டுக்குத்தான் என்ன வியாதின்னு தெரியலை" என்று நிலைய அதிகாரி கேலி செய்தார். அந்த வருடமே கல்யாணம் ஆனது.

மைக்கின் அம்மா, அதாவது அவனுடைய அத்தை, ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் வயிற்றில் இருந்தபோது விடிந்தால் வாந்தி, படுத்தால் தூக்கமில்லை. நீராவிக்கும் சோப்பு நெடிக்கும் நடுவே நின்று வேலை செய்ய முடியவில்லை. டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பச்சைத் தண்ணி மாதிரிம்மா, ஒண்ணும் பண்ணாது. எல்லாரும் சாப்பிடறாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அத்தை ஒரு வாரம் சாப்பிட்டாள். வாந்தி நின்றது, தூக்கமும் வந்தது. பிள்ளை பிறந்தபோது மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றிச் சுற்றி, காட்டாமலே வைத்திருந்தாள். அதே போன்ற பிள்ளைகள் வேறு ஊர்களிலும் பிறந்தன என்றும், அந்த மாத்திரையைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் பிறகுதான் செய்தி வந்தது.

அத்தை அதற்காக உட்கார்ந்து அழுகிற ஆளில்லை. மகளைத் தரையில் உட்கார வைத்து, கால் விரலில் கரண்டியைச் செருகி, அது நூறு தரம் விழுந்தாலும் நூறு தரம் எடுத்துக் கொடுத்து வளர்த்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கர்ப்பமாக இருக்கிறவள், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவள் வாயிலும் மருந்து போகக் கூடாது, உடம்பிலும் போகக் கூடாது.

மைக்கின் முதல் பிரசவம் அலுங்காமல் நடந்தது. பெண் குழந்தை. லிஃப்ட்காரன் துணியை விலக்கிக் கைகளைத்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பத்து விரல்கள், ஒவ்வொன்றிலும் அரிசி முனை மாதிரி நகம்.

மறுநாள் ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே வந்தாள். கையில் ஊசி.

"நெகட்டிவ் ரத்தம் உங்களுக்குத்தானே? திரும்பிப் படுங்க."

"என்ன ஊசி இது?" என்றாள் மைக்கு.

"எல்லாருக்கும் போடறதுதாங்க. ஒண்ணும் பண்ணாது."

அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. கட்டிலருகில் நின்ற அத்தையின் முகம் கல்லாகிவிட்டது. மைக்கு போர்வையை இழுத்துக்கொண்டாள். "எதுக்குன்னு சொல்லுங்க, யோசிக்கறேன்" என்றாள். நர்ஸுக்கு அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று வேலை தலைக்கு மேல் கிடந்தது. "வேண்டாம்னா உங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். ஊசி திரும்பிப் போனதில் லிஃப்ட்காரனுக்கு உள்ளூர நிம்மதிதான்.

அந்த ஊசி எதற்கு என்பது இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். ஒல்லியான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள்தான் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"உங்க ரத்தத்துல ஒரு அடையாளம் இருக்கு" என்று லிஃப்ட்காரனைக் காட்டினாள். "இவங்க ரத்தத்துல அது இல்லை. அதனால எந்தக் குறையும் கிடையாது. ஆனா உங்க முதல் பொண்ணு அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கா. பிரசவத்துல அவ ரத்தம் கொஞ்சம் இவங்க ரத்தத்துல கலந்திருக்கு. இவங்க உடம்பு, யாருடா இது அந்நியன்னு பார்த்து ஞாபகம் வச்சுக்கிச்சு. இப்ப உள்ள இருக்கற பிள்ளைக்கும் அதே அடையாளம். இவங்க ரத்தம் அதைத் தேடித் தேடி அழிக்குது."

"அந்த ஊசி?" என்றாள் மைக்கு.

"அதை மூணு நாளுக்குள்ள போட்டிருந்தா, உங்க உடம்பு அந்தப் பாடத்தைக் கத்துக்காமலே இருந்திருக்கும்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இதை அன்னைக்கே உங்ககிட்ட யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு."

வெளியே வந்ததும் லிஃப்ட்காரன் பேச்சை லேசாக்கப் பார்த்தான். "கல்யாணத்தப்பவே சொன்னாங்க, என்னை உனக்குப் பிடிக்கலைன்னு. உன் ரத்தமே இப்ப அதை ஒத்துக்கிடுச்சு" என்றான். மைக்கு சிரிக்கவில்லை. அவள் வலது காலைத் தூக்கி அவன் சட்டை நுனியை விரல்களால் பற்றிக்கொண்டாள். பயம் வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். ஒற்றைக் காலில், ஆஸ்பத்திரி நடையில், கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

சின்னவன் நாள் நிறையாமலே பிறந்தான். பிறக்கும்போது வெளிறியிருந்தான், பொழுது சாய்வதற்குள் மஞ்சள் பூக்க ஆரம்பித்துவிட்டது. அவன் உடம்பில் இருக்கிற ரத்தத்தையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

"என்னுதை எடுத்துக்கோங்க" என்று லிஃப்ட்காரன் சட்டைக் கையைச் சுருட்டினான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கினாள். "உங்க ரத்தத்தைத்தான் அங்க எதிர்த்துக்கிட்டிருக்கு. அந்த அடையாளமும் இல்லாத, உங்க மனைவிக்கு மாதிரி எதிர்ப்பும் இல்லாத ரத்தம் வேணும். எங்ககிட்ட ஒரு பை இருக்கு, அது போதாது."

தன் பிள்ளைக்குத் தன் ரத்தமே ஆகாது என்று கேட்டால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அவன் படிக்கட்டில் இறங்கி, பொதுத் தொலைபேசியில் ரயில் நிலையத்தைக் கூப்பிட்டான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் கூப்பிட்டான். எடுத்தது நிலைய அதிகாரி.

பிறகு நடந்ததை அவனுக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள். மாலை நேரம், நடைமேடையில் காலூன்ற இடமில்லாத கூட்டம். ஒலிபெருக்கியில் மைக்கின் குரலுக்குப் பதிலாக அதிகாரியின் கரகரத்த தொண்டை வந்தது. தினமும் உங்களுக்கு வண்டி சொல்கிற அம்மாவின் குழந்தை ஆபத்தில் இருக்கிறது, இன்ன வகை ரத்தம் இருக்கிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னாராம். பேசி முடித்தும் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஊரெல்லாம் கேட்டதாம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். இன்ஜின் ஓட்டுநர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்குச் சீருடையோடே வந்தார். இரண்டு பெரிய பைகளோடு ஒரு பெண்மணி வந்தாள். ஏறியிருந்த வண்டியிலிருந்து இறங்கி வந்தவள். பரீட்சைக்குப் படிக்கப் புறப்பட்டிருந்த கல்லூரி மாணவிகள் சிலர், ஒரு முடிதிருத்துபவர், தன் ரத்தம் என்ன வகையென்றே தெரியாத ஒரு கிழவர். "எதுவா இருந்தாலும் எடுத்துப் பாருங்க, சார். காலையில ஆறு மணி வண்டிக்கு அந்தப் பொண்ணுதான் என்னை எழுப்பி விடும்" என்றார் அவர். லிஃப்ட்காரன் சுவரோரமாக நின்று பார்த்தான். இவர்களில் ஒருவரைக்கூட அவனுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவனைத் தெரியாது. யாரோ ஒருவர் அவனையும் வரிசையில் நிற்பவன் என்று நினைத்து, "நீங்க முன்னாடி போங்க தம்பி, உங்களுக்குத்தான் முகம் சரியில்லை" என்றார்.

அத்தனை பேரிலும் பொருந்தியது இரண்டே பேருக்கு. பைகளோடு வந்த பெண்மணிக்கும், மாணவிகளில் ஒருத்திக்கும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டர்கள் சின்னவனின் தொப்புளில் மெல்லிய குழாயைச் செருகி, ஒரு ஸ்பூன் அளவு ரத்தம் எடுப்பதும், அதே அளவு ஏற்றுவதுமாக இருந்தார்கள். எடுத்தார்கள், ஏற்றினார்கள், மறுபடி எடுத்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. லிஃப்ட்காரன் அன்றைக்குக் காற்று வாங்க வெளியே போகவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றான். காகித நிறத்தில் கிடந்த பிள்ளையின் உதட்டில் முதலில் ஒரு கோடு மாதிரி சிவப்பு வந்தது. பிறகு காது மடல். பிறகு உள்ளங்கால். அந்தச் சிவப்பு தான் கொடுத்ததும் இல்லை, மைக்கு கொடுத்ததும் இல்லை. ரயிலைத் தவறவிட்ட ஒருத்தியும் பரீட்சைக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்த ஒருத்தியும் தன் மகனுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே ஓடிப்போய் அவர்களைத் தேடினான். இருவரும் ஆளுக்கொரு டம்ளர் பால் குடித்துவிட்டு எப்போதோ போயிருந்தார்கள்.

சின்னவன் பிழைத்தான். பிழைத்ததோடு நில்லாமல், வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து தெருவே தூங்க முடியாதபடி கத்தினான். "அம்மா தொண்டை அப்படியே வந்திருக்கு" என்றாள் அத்தை.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, பிள்ளையைச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் ரத்த வங்கி டாக்டரம்மா அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"உங்க ரத்தத்தை மறுபடி சோதிச்சுப் பார்த்தேன்" என்றாள் மைக்கிடம். "அந்த எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கமா இருக்கு. என் சர்வீஸ்ல இவ்வளவு நான் பார்த்ததே இல்லை."

"அதான் பட்டு அனுபவிச்சோமே, டாக்டர்" என்றான் லிஃப்ட்காரன் கொஞ்சம் எரிச்சலாகவே.

"குறை சொல்லலைங்க. அதுதான் மருந்து."

"எது?"

"முதல் பிரசவத்துல போட வந்தாங்களே, அந்த ஊசி. அதைச் செய்யறதுக்கு மனுஷங்க வேணும். உங்க மனைவி மாதிரி, ரத்தத்துல அந்த எதிர்ப்பு ஏறின ஆளுங்க குடுத்தாத்தான் மருந்து. அதைக் கொஞ்சூண்டு எடுத்து இன்னொரு தாய்க்குப் போட்டா, அவ உடம்பு அந்தச் சண்டையையே ஆரம்பிக்காது. அவளோட அடுத்த பிள்ளை சும்மா ஜம்முனு பிறக்கும்."

லிஃப்ட்காரன் மடியில் சின்னவன் அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்த அதே பொருள்தான் வேறு பிள்ளைகளைக் காப்பாற்றுகிற மருந்து. அவன் மனைவியைப் பார்த்தான். மைக்கின் தோள் விரல்கள் மூன்றும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. யோசிக்கும்போது அவை அப்படித்தான் அசையும்.

"எங்கேருந்து எடுப்பீங்க?" என்றாள் அவள். "ரத்தம் எடுக்கறவங்க எல்லாம் முழங்கையைத்தானே தேடுவாங்க? எனக்கு அது இல்லையே."

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

மைக்கு செருப்பிலிருந்து வலது காலை உருவி, டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். "என் கை இங்கதான் இருக்கு" என்றாள்.

வீட்டில் அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், கேட்டதும் அப்படியே கீழே போட்டாள்.

"மறுபடியும் பிள்ளை பெறுறவளுக்கு மருந்தா? அதுவும் என் வீட்டு ரத்தத்துலேருந்தா? மாப்பிள்ளை, உங்களுக்குமா புத்தி இல்லாமப் போச்சு?"

"அத்தை, இது அந்த மாத்திரை மாதிரி இல்லை..."

"அதையும் அப்படித்தான் சொன்னாங்க."

மைக்கு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விழுந்த துணியைக் காலால் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "நீயே வந்து அந்த டாக்டரம்மாவைக் கேளும்மா. உனக்கு மனசு ஒப்பலைன்னா நான் குடுக்கலை" என்றாள்.

அத்தை வந்தாள். இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். டாக்டரம்மாவின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இதை முதல்ல யாருக்குப் போட்டுப் பார்த்தீங்க?"

டாக்டரம்மா சொன்னாள். எந்த வருடம் தொடங்கியது, எப்படிச் சோதித்தார்கள், எத்தனை காலமாகப் போடுகிறார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"ஒண்ணுமே பண்ணாதுன்னு எந்த மருந்துக்கும் நான் சத்தியம் பண்ண மாட்டேன், அம்மா. போட்ட இடத்துல வலிக்கும். சில பேருக்குக் காய்ச்சல் வரும். ரொம்ப அபூர்வமா ஒத்துக்காமலும் போகும். ஆனா இதைப் போடாததால செத்த பிள்ளைங்களை நான் இந்தக் கையால தூக்கியிருக்கேன். போட ஆரம்பிச்ச பிறகு அது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னும் பார்த்திருக்கேன்."

அத்தை அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தத் தாய் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"என்கிட்ட வரட்டும். நான் இல்லாட்டி இந்த நாற்காலியில இருக்கறவங்ககிட்ட. எந்த ஊசி எந்தெந்தப் பையிலேருந்து வந்துச்சுன்னு எங்களால கண்டுபிடிக்க முடியும்."

"எனக்கு அன்னைக்குக் கேக்க ஒரு நாற்காலி இல்லை" என்றாள் அத்தை. பிறகு எழுந்தாள். "எடுத்துக்கோங்க. ஆனா ஊசி போடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுங்ககிட்ட எதுக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க."

ஊசி குத்துகிற ஊழியருக்கு அங்கே "கொசு" என்று பெயர். அவர் குத்தினால் கொசு கடித்த அளவுதான் தெரியும் என்பதால் நோயாளிகளே வைத்த பெயர். காலில் எடுப்பது வழக்கமில்லை, மெதுவாகத்தான் வரும், நடுவில் நின்றாலும் நின்றுவிடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தாள். கொசு அண்ணன் மைக்கின் காலை வெந்நீர்த் துணியால் சுற்றிவைத்து, கணுக்காலின் உட்புறத்தில் விரலை ஓட்டினார். அங்கே ஒரு நரம்பு, பென்சில் பருமனில், பச்சையாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"அடேயப்பா! வேலை செஞ்ச கால்ம்மா இது. எத்தனையோ பேர் கையில நான் இப்படி ஒரு நரம்பைத் தேடி அலைஞ்சிருக்கேன்" என்றார்.

லிஃப்ட்காரன் அறை வாசலில், ஒரு காலை வெளியே வைத்துத் தயாராக நின்றான். ஊசி இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் மைக்கு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பை நிறைந்ததும் அதை ஒரு இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினார்கள். மருந்துக்குத் தேவையான நீர்ப்பகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு, சிவப்பை அவளுக்கே திரும்ப ஏற்றிவிடுவார்களாம். அதுவரை காலை அசைக்கக் கூடாது. இன்னொரு காலும் முகத்துக்கு எட்டாதபடி படுக்க வைத்திருந்தார்கள். அப்போதுதான் மைக்கு மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். மூக்கு அரிக்குது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டதில்லை. எதையும் அவளே செய்துகொள்வாள். உதவி செய்யப் போனால் கால் விரலால் ஒரு கிள்ளு விழும். இப்போது அவளுடைய கை அங்கே ஊசியோடு கட்டிக் கிடந்தது. அதை அவள் யாரென்றே தெரியாத பெண்களுக்காக நீட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். லிஃப்ட்காரன் வாசலை விட்டு வந்தான். ரத்தக் குழாயைத் தாண்டி, தலை சுற்றுவதைப் பொருட்படுத்தாமல் வந்து, அவள் மூக்கைச் சொறிந்துவிட்டான்.

"கொஞ்சம் மேல. அங்கதான். ஆங்... போதும், தோலை உரிச்சுடாதீங்க."

கொசு அண்ணன் பிரித்தெடுத்த பையைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ரத்தம் என்றால் சிவப்பு என்றுதான் லிஃப்ட்காரன் நினைத்திருந்தான். இது பொன் நிறமாக, தெளிந்து, வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு மின்னியது. "இதுவா? இதுவா அது?" என்று இரண்டு தரம் கேட்டான். அவ்வளவு சாதுவாகத் தெரிந்தது.

மறுநாள் அவளுடைய கணுக்காலில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு. அன்றைக்குப் பூராவும் இடது காலால் எழுதி, இடது காலால் தலை வாரி, இடது காலால் மைக்கின் பொத்தானை அழுத்தி வேலை பார்த்தாள். ஒரு வண்டியை மட்டும் தப்பான நடைமேடைக்கு அறிவித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு வலது ஒரு தடவை, இடது ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

லிஃப்ட்காரனும் ஒருநாள் தன் கையை நீட்டிக்கொண்டு போனான். இரண்டு தடவை ஊசி கிட்டே வருவதற்கு முன்னாலேயே மயங்கி விழுந்தான். மூன்றாம் தடவை கொசு அண்ணன் அவனிடம் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அவன் வடம், சக்கரம், எதிர் எடை என்று ஆர்வமாக விளக்கி முடிப்பதற்குள் பை நிறைந்துவிட்டது. யாருக்குப் போனதோ தெரியாது. ரயிலைத் தவறவிட்ட அந்தப் பெண்மணிக்குக் கொடுக்க வேண்டியதை வேறெங்கோ கொடுத்துவிட்ட மாதிரி அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் அது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட்காரன் மேலே ஏறி, பிரேக்கை விடுவித்து, பெட்டியைக் கையால் மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு இளம் நர்ஸ், குளிர்ப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நல்ல வேளை அண்ணே, வந்தீங்க. மருந்து சூடாயிடுமோன்னு பயந்துட்டேன்."

"என்ன மருந்து?"

"நெகட்டிவ் அம்மாங்களுக்குப் போடறது."

அவன் கைத் துணியில் கிரீஸைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "நான் ஒரு தரம் பார்க்கலாமா?" என்றான். அவள் மூடியைத் திறந்து காட்டினாள். ஐஸ் பொதிக்கு நடுவே சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பி. அதில் கட்டை விரல் நகத்தை நனைத்தால் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் இருந்தது. பல பேர் கொடுத்ததை ஒன்றாகச் சேர்த்துத்தான் செய்வார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இதில் மைக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அவன் அந்தக் குப்பியின் முன்னால் தன்னை அறியாமல் குனிந்துவிட்டான்.

நர்ஸுக்குப் பின்னாலேயே போய், கருவிப் பெட்டியோடு வார்டு வாசலில் நின்றான். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண், பக்கத்தில் முதல் நாள் பிறந்த குழந்தை. "எதுக்கு இது?" என்று அவள் கேட்டாள். நர்ஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, உங்கள் ரத்தம், குழந்தையின் ரத்தம், அடுத்த பிள்ளை என்று நிதானமாகச் சொன்னாள். அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. பிறகுதான் அவள் போர்வையை விலக்கினாள். ஊசி இறங்கியதை லிஃப்ட்காரன் கண்ணை மூடாமல் பார்த்தான். இன்னும் கருவாகக்கூட ஆகாத ஒரு பிள்ளை, வருமோ வராதோ தெரியாத ஒரு பிள்ளை, அந்த ஒரு நொடியில் தப்பித்துவிட்டது. அதற்கு அது தெரியவே போவதில்லை. அந்த அம்மாவுக்கு வலித்தது மட்டும்தான் தெரிந்தது. "ஸ்ஸ்" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தொடையைத் தேய்த்தாள்.

அவன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். மைக்கு சின்னவனுக்குக் காலால் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"எவ்வளவு இருந்துச்சு?" என்றாள் மைக்கு.

"ஒரு ஸ்பூன்கூட இல்லை. அதுல பாதியும் இருக்காது."

"அவ்வளவுதானா?" அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பை பையாக் குடுத்திருக்கேனே!" என்றவள், ஒரு பைக்கு எத்தனை குப்பி என்று கால் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். பெரியவள் வாய்ப்பாடு படிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

அத்தை கேட்டது ஒன்றுதான். "மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு எதுக்குன்னு கேட்டாளா?"

"கேட்டா, அத்தை."

"சொன்னாங்களா?"

"உட்கார்ந்து சொன்னாங்க."

அத்தை மடித்த துணியை மடியில் வைத்து, சுருக்கமே இல்லாத இடத்தை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வெந்நீர் வைக்கப் போனாள். மறுநாள் மைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். முந்தின சாயங்காலமே காலை நன்றாக வெந்நீரில் வைத்தால் நரம்பு எடுப்பாக நிற்கும் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்கு எந்தக் கால்?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இடது" என்றாள் மைக்கு.